கண்ணறைக் கவசம்: வெடியைத் தாங்கும் மெல்லிய சுவரின் வரலாறு

தில்லியிலிருந்து மும்பைக்கு ரயிலில் செல்லும் நம்மவர் பலர் பரத்பூர் என்னும் ஊரைக் கடந்து சென்றிருப்பர். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பறவைகளின் சரணாலயமே நினைவுக்கு வருகிறது. 1805ஆம் ஆண்டிலோ அது ஆங்கிலத் தளபதிகளின் உறக்கத்தைக் கெடுத்த பெயராக இருந்தது. தளபதி லேக் அவ்வாண்டின் தொடக்கத்தில் பரத்பூர்க் கோட்டையை நான்கு முறை தாக்கினார். நான்கு முறையும் தோற்றுத் திரும்பினார். கோட்டையைக் காத்தவை வீரரின் துணிவும் ஆழ்ந்த அகழியும் மட்டுமல்ல. அதன் பருத்த மண்மதிலும் ஒரு காவலனாக நின்றது. பீரங்கிக் குண்டு கருங்கல்லில் மோதினால் கல் பிளக்கும்; மண்ணில் மோதினால் குண்டு புதைந்து அடங்கும். இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1826ஆம் ஆண்டு ஜனவரியில், கோம்பர்மியர் என்பார் அக்கோட்டையைப் பிடித்தார். மதிலின் அடியிலே சுரங்கம் தோண்டி, அதில் வெடிமருந்தை நிரப்பித் தீயிட்டு, மதிலையே மேலே தூக்கி எறிந்த பிறகுதான் அது அவர் வசமாயிற்று. குண்டை விழுங்கிய மண் வெடியை விழுங்க இயலாமற் போயிற்று.

குண்டின் அடி வேறு, வெடியின் அடி வேறு. குண்டு ஓரிடத்தில் குத்துகிறது. வெடியோ காற்றையோ நீரையோ ஒரு கணத்தில் நெருக்கி, அந்த நெருக்கத்தை அலையாக்கி, எதிர்ப்பட்ட பரப்பு முழுவதன் மேலும் ஒருசேர அறைகிறது. அந்த அறை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரு பங்கு நேரமே நீடிக்கலாம். ஆயினும் அதற்குள் சுவருக்கு ஓர் உந்தலைக் கொடுத்துவிடுகிறது. இவ்வுந்தலை நம் பாடநூல்கள் கணத்தாக்கு என்று அழைக்கின்றன. அதைத் தாங்கச் சுவரைப் பருமனாக்கலாம் என்பது யாவருக்கும் தோன்றும் விடை. நிலத்தில் நிற்கும் கோட்டைக்கு அவ்விடை பொருந்தும். தன் சுவரைத் தானே சுமந்து செல்ல வேண்டிய கப்பலும் விமானமும் ஊர்தியும் என்ன செய்யும்?

அவற்றுக்காக உருவானதே நாம் இங்கே பேசப்போகும் பலகை. இரண்டு மெல்லிய தகடுகள். அவற்றின் நடுவே தேன்கூடு போலவோ நுரை போலவோ, சிறு சிறு அறைகளாலான இலேசான உள்ளீடு. இரு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே காய்கறி வைத்தது போன்ற அமைப்பாதலால் மேல்நாட்டார் இதற்குச் சாண்ட்விச் பலகை என்றே பெயரிட்டுவிட்டனர். நாம் கண்ணறைப் பலகை என்போம். தேன்கூட்டின் சிற்றறைக்குக் கண்ணறை என்பது நம் மொழியில் ஏற்கெனவே வழங்கும் சொல்தான்.

இதன் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. கண்ணறைக்கு இரண்டு குணங்கள். எடை குறைவாயிருந்தும் பலகையை விறைப்பாக நிறுத்துவது ஒன்று. அளவு மீறி அழுத்தினால் மெல்ல மெல்ல நசுங்கி, அடியின் வேகத்தைத் தானே உண்டுவிடுவது மற்றொன்று. விமானம் கட்டியவர்கள் முதற் குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். போர்க்கப்பல் கட்டியவர்கள் இரண்டாம் குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இரு சாராரும் ஒரே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் தனித்தனி வழியே சென்றார்கள்.

எலும்பும் நாணற்றண்டும் உள்ளே குழலாயிருப்பதன் பயன் என்ன என்பதைக் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் ஆராய்ந்தார். ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் 1665ஆம் ஆண்டில் தக்கையை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, தேன்கூட்டைப் போன்ற அறைகளைக் கண்டார். அவற்றுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார். ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கு மேற்பட்ட அறைகள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். தக்கை ஏன் இலேசாயிருக்கிறது, ஏன் அழுத்தினால் சுருங்கி விட்டால் மீள்கிறது என்பதற்கு அவ்வறைகளில் அடைபட்ட காற்றே காரணம் என்றும் எழுதினார். உயிரியல் நூல்கள் ஹூக்கை உயிரணுவின் பெயருக்காக நினைவில் வைத்திருக்கின்றன. பொறியியலாரும் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடலாம். தஞ்சையில் கோயில் மாதிரிகள் செய்யும் நெட்டியும், கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் வங்காள மணமகனின் தலையில் கண்டிருக்கும் தோப்பர் என்னும் வெண்முடியும் இத்தகைய கண்ணறைப் பொருள்களே.

பலகை ஒன்றை இரு முனையிலும் தாங்கி நடுவில் அழுத்தினால் அதன் மேற்புறம் நெருங்குகிறது; கீழ்ப்புறம் இழுபடுகிறது; நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஆதலின் கனத்த பொருளை மேலும் கீழும் மட்டும் வைத்து, நடுவை இலேசான பொருளால் நிரப்பினால் எடை மிகாமல் விறைப்பு மிகும். தகடுகளின் இடைவெளியை இரு மடங்காக்கினால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ராபர்ட் ஸ்டீவன்சனும் வில்லியம் ஃபேர்பேர்னும் வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் மேல் பிரிட்டானியா ரயில் பாலத்தைக் கட்ட முயன்றபோது, மெல்லிய இரும்புத் தகட்டாலான மாதிரிக் குழாய்கள் மேற்புறத்தில் மடங்கிப் போயின. மேல்தளத்தை அறையறையாக அமைத்த பிறகே அவை நிமிர்ந்து நின்றன. அப்பாலம் 1850ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதுவரை கண்டது அனைத்தும் விறைப்பின் கதை.

நசுங்கலின் கதை கடலில் தொடங்குகிறது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சென்னைக்கு மறக்க முடியாத நாள். அன்றிரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதன் பெயர் நம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அதே நாள் காலையில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வட கடலில், யு-9 என்னும் ஒரே நீர்மூழ்கிக் கப்பல் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் டார்பீடோக்களால் மூழ்கடித்தது என்பதை நம்மவர் அவ்வளவாக அறியார். இறந்தவர் 1,459 பேர். நீர்க்கோட்டுக்கு மேலே கப்பல் எத்தனை கவசம் பூண்டிருந்தாலும், நீரின் கீழே வெடிக்கும் ஒரு டார்பீடோவுக்கு முன் அது திறந்த மேனியே என்பதை அன்று உலகம் கண்டது.

அடியிலே கவசத்தைப் பருமனாக்கினால் கப்பல் மிதக்காது. ஆதலால் பிரிட்டிஷ் கடற்படையார் கப்பலின் இரு விலாவிலும், நீர்மட்டத்தின் கீழே, புடைத்த வெற்றறைகளைப் பொருத்தினர். டார்பீடோ அப்புடைப்பின் வெளித்தோலிலே வெடிக்கும். கப்பலின் உண்மையான உடல் சில அடி தள்ளி உள்ளே இருக்கும். எட்கர் வகுப்பைச் சேர்ந்த பழைய கப்பல்கள் சிலவற்றில் இப்புடைப்பு முதலில் பொருத்தப்பட்டது. அவற்றுள் கிராஃப்டன் 1917இலும் எட்கர் 1918இலும் டார்பீடோவால் தாக்குண்டும் மூழ்காமல் தப்பின.

இம்முயற்சிக்கான பரிசோதனைகளில் ஈடுபட்டவர்களுள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சனும் ஒருவர். வெடியின் அழுத்தத்தை அளப்பதே அரிதாயிருந்த அந்நாளில், நீண்ட எஃகுத் தண்டின் ஒரு முனையில் அடியை வாங்கி, மறுமுனையில் ஒட்டிய சிறு துண்டு எவ்வளவு வேகத்தோடு பறந்து விழுகிறது என்பதைக் கொண்டு அடியின் அளவைக் கணிக்கும் முறையை அவர் 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெடிமருந்தை எட்டு மடங்காக்கினால், அதே அழுத்தம் இரு மடங்கு தூரத்தில் உணரப்படும் என்ற கனமூல விதியும் அவரைச் சார்ந்ததே. அவ்விதி இல்லையேல் சிறு மாதிரியை வெடித்துப் பார்த்துப் பெருங்கப்பலின் கதியை அறிதல் இயலாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முழுக் கப்பலைப் பலியிட வேண்டியிருந்திருக்கும். ஹாப்கின்சன் தாமே விமானம் ஓட்டக் கற்றவர். 1918ஆம் ஆண்டு ஆகஸ்டில், மோசமான வானிலையில் தனியே ஓட்டிச் சென்ற விமானம் விழுந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 44.

வெற்றறை மட்டும் போதாது என்று அடுத்துத் தெளிந்தனர். எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் புடைப்பின் வெளிப்பகுதியை வெறுமையாக விட்டு, உட்பகுதியில் எஃகுக் குழாய்களை நெருக்கமாக அடுக்கினர். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஹூட் கப்பலில் இவ்வாறு ஐந்து வரிசைக் குழாய்கள் இருந்தன. அவற்றுக்கு ஆங்கிலத்தில் நசுங்கு குழாய்கள் என்றே பெயர். நசுங்குவதற்கென்றே ஒன்றைச் செய்து கப்பலில் வைப்பது அக்காலத்துக் கொல்லருக்கு எவ்வளவு விசித்திரமாகத் தோன்றியிருக்கும்! வெள்ளம் வருகையில் மரம் சாய, நாணல் வளைந்து பிழைக்கும் என்பது நாம் அறிந்த பாடம். இக்குழாய் நாணலைப் போன்றதும் அன்று. நாணல் வெள்ளம் வடிந்தபின் நிமிரும், குழாய் நிமிராது. அது ஒருமுறை நசுங்கித் தன் வேலையை முடித்துவிடுகிறது.

1917ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் பெல்ஜியக் கடற்கரைக்கு அப்பால் அக்குழாய்களுக்குச் சோதனை வந்தது. கரையிலிருந்து கம்பி வழியே இயக்கப்பட்ட ஆளில்லா ஜெர்மானியப் படகு ஒன்று, சுமார் 700 கிலோ வெடிமருந்தோடு விரைந்து வந்து எரிபஸ் கப்பலின் விலாவில் மோதி வெடித்தது. புடைப்பு ஏறத்தாழ 50 அடி நீளத்துக்குக் கிழிந்து போயிற்று. கப்பலின் உடலோ பெரிதாகச் சேதமுறவில்லை. பழுது பார்க்கப்பட்டு அடுத்த ஆண்டு மீண்டும் போரிற் கலந்துகொண்டது. இந்தக் கப்பல் பின்னர் நம் கடற்பக்கமும் வந்தது: 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது துறைமுகத்தில் நின்று அடிபட்ட கப்பல்களுள் எரிபஸும் ஒன்று.

ஹூட் கப்பலின் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1941ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பிஸ்மார்க்கோடு பொருதபோது அதன் வெடிமருந்து அறை வெடித்து, 1,418 பேரில் மூவரே பிழைத்தனர். ஐந்து வரிசைக் குழாய்களும் இருந்தன. ஆனால் அழிவு நீரின் கீழே விலாவில் வரவில்லை. எந்தத் திசையிலிருந்து எவ்வகை அடி வரும் என்று அறிந்து செய்யப்பட்ட காப்பு அந்த அடிக்கே காப்பாகும்.

இனி வானத்துக்கு வருவோம். டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் 1937ஆம் ஆண்டில் அல்பட்ராஸ் என்ற பயணிகள் விமானத்தின் உடலை இரு ஒட்டுப்பலகைத் தோல்களுக்கு இடையே பால்சா மரத்தை வைத்து அமைத்தனர். தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் விளையும் பால்சா தக்கையினும் இலேசாக இருக்கவல்ல மரம். அதே முறையில் உருவானதுதான் மொஸ்கிட்டோ என்னும் போர் விமானம். அது 1940ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. அலுமினியத்துக்குப் பஞ்சம் வந்த காலத்தில், நாற்காலியும் மேசையும் செய்துகொண்டிருந்த தச்சர்கள் போர் விமானம் செய்தார்கள். மொத்தம் 7,781 மொஸ்கிட்டோக்கள் கட்டப்பட்டன.

அவற்றுள் ஒரு பகுதி பர்மாப் போருக்காக நம் நாட்டுக்கு வந்தது. இங்கே 1944ஆம் ஆண்டில் சில விமானங்கள் பறக்கையிலேயே உடைந்து விழுந்தன. சிறகின் மேல்தோல் உத்தரத்தை விட்டுப் பெயர்ந்தது கண்டு, பாலிலிருந்து எடுக்கப்படும் கேசீன் பசை நம் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காமல் விட்டுப்போயிற்று என்று முதலில் சொன்னார்கள். ஹெரிவர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் வந்த குழுவினர், குற்றம் பசையில் இல்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதே காரணம் என்று எழுதினார்கள். பின்னர் நடந்த விசாரணைகளோ தொழிற்சாலையில் ஒட்டிய முறையே பிழை என்று முடிவு கூறின. பருவமழையின் மேல் பழி போட்டுவிடுவது எளிது; பருவமழை எதிர்வாதம் செய்யாது. ஆயினும் கண்ணறைப் பலகையின் உயிர் நடுவிலுள்ள மரத்திலும் இல்லை, மேலுள்ள தோலிலும் இல்லை, இரண்டும் ஒட்டுகின்ற அந்த மெல்லிய பசையில் இருக்கிறது என்பதை அவ்விபத்துகள் தெளிவாகக் காட்டின.

போருக்குப் பின் பால்சாவின் இடத்தைத் தேன்கூட்டு உள்ளீடு பிடித்தது. அதைச் செய்யும் முறை திருவிழாக் கடைகளில் விற்கும் காகித விளக்கைப் போன்றதே. தாள்களில் கோடு கோடாகப் பசை தடவி அடுக்கி, ஒட்டியபின் பக்கவாட்டில் இழுத்தால் அறுகோண அறைகள் விரிகின்றன. ஜெர்மனியில் ஹான்ஸ் ஹைல்புரூன் என்பார் 1901ஆம் ஆண்டிலேயே காகிதத்தில் இதைச் செய்திருந்தார். அதே வித்தையை அலுமினியத் தகட்டிலும், பின்னர் நோமெக்ஸ் என்னும் தீயெதிர்ப்புத் தாளிலும் செய்தார்கள். ஜம்போ விமானத்தில் நாம் நடந்து செல்லும் தரை இத்தகைய பலகையே. அது நம் எடையைத் தாங்கச் செய்யப்பட்டது. வெடியைப் பற்றிய நினைவு அதைச் செய்தவர்களுக்கு இல்லை. இருக்க வேண்டிய காரணமும் அன்று இல்லை.

1985ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே வானத்திலேயே சிதறியது. சாமான் அறையில் இருந்த பெட்டி ஒன்றில் வெடிகுண்டு வைக்கப்பட்டிருந்தது. 329 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் கனடாவில் குடியேறி, விடுமுறைக்காகத் தாய்நாட்டுக்கு உறவினரைக் காணப் புறப்பட்ட இந்தியக் குடும்பத்தினர். ஊரை விட்டு வேற்றிடத்தில் பிழைக்கும் நம் போன்றோருக்கு அப்பயணத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் மற்றொரு விமானம் அவ்வாறே அழிந்தது. தரையில் இருந்தோரையும் சேர்த்து 270 பேர் இறந்தனர். அதன் பிறகே, சாமான்களை வைக்கும் கொள்கலனையே வெடி தாங்குவதாகச் செய்யலாமா என்ற ஆராய்ச்சி வலுத்தது. செய்ய முடியும் என்று பரிசோதனைகள் காட்டின. எடையும் விலையும் குறுக்கே நின்றன. அக்கொள்கலன்கள் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. இதை நாம் வருத்தத்தோடுதான் எழுதுகிறோம்.

இரு வழிகளும் சந்திப்பதற்கு ஒரு கணக்கு உதவியது. அதைப் போட்டவர் கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர், ஆண்டு 1941. நீரில் வெடி நிகழ்ந்து அழுத்த அலை ஒரு தகட்டின் மேல் மோதுகிறது என்று கொள்வோம். தகடு கனமாயிருந்தால் அசையாது நிற்கும். அலை திரும்பி எழும். தகடு முழு உந்தலையும், அதற்கு மேலும் வாங்கிக்கொள்ளும். தகடு இலேசாயிருந்தாலோ, அடி விழத் தொடங்கியதுமே பின்வாங்கி ஓடும். அது ஓடுவதால் அதன் முன்னுள்ள நீரில் அழுத்தம் சட்டென்று குறையும். நீர் தகட்டைப் பிடித்து இழுத்து வைக்கும் ஆற்றல் உடையதன்று. அது குமிழ்களாகப் பிளந்து தகட்டை விட்டுப் பிரியும். அலையின் பின்பகுதி தகட்டை முழுமையாகச் சென்றடைவதில்லை. ஆகவே தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைந்த கணத்தாக்கையே பெறும்! பருமன்தான் பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கையைத் தலைகீழாக்கும் முடிவு இது. ஆனால் மெல்லிய தகடு தனியே நின்றால் பின்வாங்கிக்கொண்டே போய்க் கிழிந்துவிடும். அதைப் பின்னாலிருந்து மெல்லத் தாங்கிப் பிடிக்க ஏதேனும் வேண்டும்.

தாங்கிப் பிடிக்கும் பொருளைப் பற்றிய அறிவு வேறு பக்கத்தில் வளர்ந்தது. பெஞ்சமின் சோஸ்னிக் என்பார் 1948ஆம் ஆண்டில் அலுமினியத்தை நுரையாக்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உருகிய அலுமினியத்தினுள் பாதரசத்தை ஆவியாக்கிக் குமிழ் எழுப்புவது அவர் வழி. நஞ்சாகிய பாதரசத்தைக் கொண்டு தொழில் நடத்துவது எளிதன்று. பிற்காலத்தில் ஜப்பானியர், சூட்டில் ஹைட்ரஜனை வெளிவிடும் டைட்டானியம் ஹைட்ரைடு என்ற பொடியைக் கலந்து, இட்லி மாவு பொங்குவது போல் அலுமினியத்தைப் பொங்க வைத்தார்கள். இத்தகைய நுரையும் தேன்கூடும் நசுங்கும் விதத்தை லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒழுங்குபடுத்திக் காட்டியது. முதலில் சிறிது எதிர்த்து நிற்கும். பிறகு அறைச் சுவர்கள் வரிசை வரிசையாக மடங்கும். அப்போது எதிர்ப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. உயரத்தில் பாதிக்கு மேல் நசுங்கி அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிய பின்னரே எதிர்ப்பு மளமளவென்று ஏறும். நடுவிலுள்ள அந்தச் சமநிலைக் காலமே நமக்கு வேண்டியது. 1969ஆம் ஆண்டு ஜூலையில் நிலவில் இறங்கிய அப்போலோ 11 கலத்தின் கால்களுக்குள் அலுமினியத் தேன்கூடு வைத்திருந்தது இதனாலேயே. ஆம்ஸ்ட்ராங் மிக மெதுவாக இறக்கிவிட்டதால் அது பெரிதும் நசுங்கவில்லை. ஏணியின் கடைசிப் படி தரையிலிருந்து எட்டத்தில் நின்றது.

கடலில் கண்ணறைப் பலகையை முதலில் துணிந்து ஏற்றவர்களுள் ஸ்வீடன் நாட்டாரைச் சொல்ல வேண்டும். காந்தக் கண்ணிவெடிகளைத் தேடும் கப்பலுக்கு எஃகு ஆகாது. ஆதலின் 1974இல் நீரில் இறக்கிய விக்ஸ்டன் என்ற சிறு கப்பலிலும், 1980களில் வந்த லாண்ட்சோர்ட் வகுப்பிலும் கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நுரையை வைத்தார்கள். கண்ணிவெடி அருகில் வெடித்தாலும் அது தாங்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

எனினும் ஆராய்ச்சியை வேகப்படுத்தியது இன்னொரு படகுதான். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த கோல் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் அருகே சிறு படகு ஒன்று வந்து வெடித்தது. விலாவில் சுமார் 40 அடி அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. 17 மாலுமிகள் உயிரிழந்தனர். எரிபஸ் மேல் மோதிய படகுக்கும் இதற்கும் 83 ஆண்டு இடைவெளி. எரிபஸுக்கு நசுங்குவதற்கென்று ஒரு விலா இருந்தது. கோல் கப்பலுக்கு அது இல்லை. நீண்ட தூர ஏவுகணைகளின் காலத்தில் கப்பலின் விலாவை ஒரு படகு வந்து தொடும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை போலும்.

அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகத்தின் ஆதரவோடு ஹார்வர்டில் ஜான் ஹட்சின்சனும் சுயேயும், கேம்பிரிட்ஜில் நார்மன் ஃப்ளெக்கும் விக்ரம் தேஷ்பாண்டேயும், வர்ஜீனியாவில் ஹெய்டன் வாட்லியும் டெய்லரின் கணக்கையும் கண்ணறையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 2004ஆம் ஆண்டில் ஃப்ளெக்கும் தேஷ்பாண்டேயும் நிகழ்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தனர். அலை மோதி முன்தகடு ஓடத் தொடங்குவது முதற்கட்டம். ஓடும் தகடு உள்ளீட்டை நசுக்கி வேகம் இழப்பது இரண்டாம் கட்டம். பலகை முழுவதும் ஒன்றாக வளைந்து இழுபட்டு நிற்பது மூன்றாம் கட்டம். உள்ளீடு மிகக் கெட்டியாயிருந்தால் முன்தகடு ஓட முடியாது; டெய்லர் காட்டிய ஆதாயம் போய்விடும். மிக மென்மையாயிருந்தால் முன்தகடு நில்லாமல் வந்து பின்தகட்டையே அறையும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளீட்டின் வலிமையைத் தேடிப் பிடிப்பதே இத்துறையின் வேலையாயிற்று. பரிசோதனைச் சாலைக்குள் வெடிமருந்தைக் கொண்டுவர முடியாததால், கேம்பிரிட்ஜில் அலுமினிய நுரை உருளைகளைத் துப்பாக்கியிலிருந்து பலகையின் மேல் எய்தார்கள். நுரை நசுங்கும்போது தரும் அடி வெடியலையின் அடியை ஒத்திருந்தது. கேடயமாகும் பொருளே அம்பாகவும் ஆயிற்று.

நீரில் பெற்ற வெற்றியைக் கண்டு காற்றிலும் அப்படியே என்று முடிவு கட்டக்கூடாது. காற்று நீரை நோக்க மிக இலேசானது. அதன் அலைக்கு எந்தத் தகடும் கனமான தகடுதான். மெல்லிய தகடும் விலகி ஓடுவதற்குள் பெரும்பகுதி உந்தலை வாங்கிவிடும். அதைவிடப் பொல்லாத செய்தி ஒன்று உண்டு. உந்தல் குறையாமல் தகட்டின் எடை மட்டும் குறைந்தால், அது பெறும் வேகம் மிகும். வேகம் மிகுந்தால் உள்ளீடு உண்ணவேண்டிய ஆற்றலும் மிகும். வாட்லி குழுவினர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையில் எஃகுக் கண்ணறைப் பலகைகளையும், அதே எடையுள்ள திண்ணிய தகடுகளையும் காற்றில் மூன்று அளவு வெடிமருந்துக்கு முன் நிறுத்தினார்கள். முன்தகடு குழிந்தது, வெடிக்கு நேரே இருந்த அறைகள் மடங்கின, மருந்து மிக மிக அவை மேலும் நசுங்கின. பின்தகடோ திண்ணிய தகட்டைவிடக் குறைவாகவே பிதுங்கியது. காற்றில் கிடைத்த இந்த ஆதாயம் பெரும்பாலும் பழைய விறைப்புக் குணத்தால் வந்தது; டெய்லரின் சலுகையால் வந்தது அன்று.

இன்னொரு பரிசோதனை இதைவிடச் சிந்திக்கத் தக்கது. நார்வேயைச் சேர்ந்த ஹான்சனும் லாங்செத்தும், அவர்களோடு என்ஸ்டாக்கும், 2002ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஊசலின் முகத்தில் அலுமினிய நுரைப் பலகையைப் பொருத்தி, அருகில் வெடி வைத்தார்கள். நுரை அடியை உண்டுவிடும், ஊசல் குறைவாக ஆடும் என்பது எதிர்பார்ப்பு. ஊசல் முன்னிலும் அதிகமாக ஆடியது! வெடியில் முகம் கிண்ணம் போல் குழிந்து, அலையை மேலும் தன்பால் வாங்கிக்கொண்டது என்று அவர்கள் கருதினர். நுரை, அடியின் உச்ச அழுத்தத்தைத் தணிக்கவல்லது. உந்தலை இல்லாமற் செய்யவல்லதன்று. வாகனத்தின் அடியில் நுரைப் பலகை ஒட்டினால் உள்ளே இருப்பவன் பிழைப்பான் என்று விளம்பரம் செய்வோர் இந்த ஊசலின் முன் ஒருமுறை நின்று பார்ப்பது நலம்.

எஞ்சியிருப்பது ஒட்டைப் பற்றிய கவலை. தகடு உள்ளீட்டை விட்டு உரிந்துவிட்டால் மேலே சொன்ன மூன்று கட்டங்களும் நடைபெறா; இரு மெல்லிய தகடுகளும் தனித்தனியே கிழிபடும். எஃகுப் பலகைகளில் பற்றவைப்பும் பித்தளைப் பொடிவைப்பு போன்ற முறைகளும் பசையின் வேலையைச் செய்கின்றன. விமானங்களிலும் இலேசான படகுகளிலும் இன்றும் பசைதான். ஓரத்திலோ ஆணித் துளையிலோ ஈரம் புகுந்தால், அது அறைக்கு அறை பரவி அலுமினியத்தை அரிக்கும். தோலின் வெளியே ஒரு புள்ளியும் தெரியாது. ஒலி அலையைச் செலுத்தி உள்ளே பார்க்கும் கருவிகள் வந்துள்ளன. ஆயினும் விமானக் கொட்டகைகளில், நாம் கடையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல, ஒரு நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே செல்லும் பழைய முறை இன்னும் வழக்கில் இருக்கிறது. ஒட்டு நன்றாயிருந்தால் ஒலி தெளிவாக எழும். விட்டிருந்தால் மந்தமாகக் கேட்கும். மந்தமாகக் கேட்ட இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டமிட்டு அடுத்த அங்குலத்துக்குப் போகிறார்கள்.